பின் கொக்கியில் கிடந்த முடிச்சு

எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும். அதைவிட மோசமான குணம் ஒன்றும் உண்டு. எந்தப் பொருளையும் பெயர் சொல்லி, வகை பிரித்து, அதற்குரிய தட்டில் வைத்தால்தான் எனக்குச் சோறு இறங்கும். கஞ்சிக்கோட்டில் ஏலக்காய் உலர்த்தும் இயந்திரங்கள் செய்கிற ஒரு தொழிற்சாலையில் ஸ்டோரையும் டெஸ்பாட்சையும் நான்தான் பார்க்கிறேன். கால் அங்குல போல்ட்டு, அரை அங்குல போல்ட்டுத் தட்டில் கிடந்தால் அன்று யாராவது ஒருவர் என்னிடம் வாங்கிக் கட்டிக்கொள்வது நிச்சயம். இதைப் பெருமையாகத்தான் பல வருடம் சொல்லித் திரிந்தேன்.

எங்கள் சரக்கு பெரும்பாலும் இடுக்கி மலைக்குப் போகும். வியாழக்கிழமை லோடு என்றால் ஒரே டிரைவர்தான் வருவார். ஐம்பதைத் தாண்டியவர். சாந்தன்பாறைப் பக்கம் ஓர் ஏலத்தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் பிறந்து வளர்ந்தவர். அவர் மனைவி இன்றும் அந்தத் தோட்டத்தில்தான் வேலை செய்கிறார். இவர் வாரத்தின் முன்பாதி முழுக்க இங்கே லாரி ஷெட்டில் படுத்துக்கொண்டு பக்கத்து ஓட்டங்கள் ஓட்டுவார். வியாழன் காலை எங்களிடம் ஏற்றினால் பொள்ளாச்சி, தேனி, போடிமெட்டு வழியாகச் சாயங்காலம் சாந்தன்பாறை சேர்ந்துவிடுவார். இரண்டு மூன்று நாள் வீட்டில் இருந்து, ஞாயிறு பூசையும் பார்த்துவிட்டுத் திரும்புவார். அந்த லோடு கைவிட்டுப் போனால் அவருக்கு வீடும் கைவிட்டுப் போன மாதிரிதான். இது எனக்கு நன்றாகத் தெரியும்.

எங்கள் கேட்டுக்குள் ஒரு நடைமுறை இருக்கிறது. பெட்டிகளை ஏற்றுவது நீலச் சட்டை போட்ட யூனியன் ஆட்கள். கயிறும் தார்ப்பாயும் டிரைவர் பாடு. ஏற்றுகிறவர் கயிற்றைத் தொடமாட்டார், கட்டுகிறவர் பெட்டியைத் தொடமாட்டார். ஆபீஸ் ஆட்கள் இரண்டையுமே தொடக் கூடாது. ஏதாவது நடந்தால் யாரைக் கேட்பது என்பதில் குழப்பம் வரக் கூடாது என்பதற்காக ஏற்பட்ட ஒழுங்கு இது. அதைத் தமிழிலும் மலையாளத்திலும் தட்டச்சு செய்து கேட்டில் ஒட்டியதே நான்தான்.

இரண்டு வருடத்துக்கு முன், ஆனி மாதத்தில் ஒரு வியாழக்கிழமை. அவர் மனைவி வேலை செய்கிற அதே சாந்தன்பாறைத் தோட்டத்துக்கு உலர்த்தும் இயந்திரமும் அதற்கான கம்பிவலைத் தட்டுகளும் போயின. லாரி போடிமெட்டு ஏறி, பூப்பாறைக்குச் சற்று முன்னால் ஒரு வளைவில் திரும்பும்போது பின்கயிறு நழுவி, தட்டுகள் இருந்த பெட்டி சாலையோரம் விழுந்து உடைந்தது. பின்னால் ஒரு ஜீப்போ பைக்கோ வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்! யாரும் வரவில்லை. அந்த வெற்றுச் சாலைக்கு நான் எத்தனையோ தடவை மனசுக்குள் நன்றி சொல்லியிருக்கிறேன்.

டிரைவர் வண்டியை ஓரம் கட்டி, பின்பக்கக் கொக்கியை அப்படியே போட்டோ எடுத்து ஆபீசுக்கு அனுப்பினார். கயிறு முழுக்க உருவிப் போயிருக்கவில்லை. நைலான் கயிறு பிரியாமல் இருக்க அதன் நுனியைத் தீயில் காட்டி உருண்டையாக்கி வைப்பார்கள். அந்த உருண்டை கடைசிச் சுற்றில் மாட்டிக்கொண்டு, முடிச்சு தளர்ந்துபோய்க் கொக்கியிலேயே தொங்கியது. தோட்டத்துப் பெண்கள் சிலர் கைகொடுக்க, நெளிந்த தட்டுகளைப் பொறுக்கி ஏற்றிக்கொண்டு போய் இறக்கினார். இறக்கிய கையோடு மறுநாளே திரும்பி வரச் சொல்லி மேனேஜர் போன் செய்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை அந்தப் போட்டோ என் மேசைக்கு வந்தது. கூடவே ஒரு படிவம். கயிற்றின் வகை, முடிச்சின் வகை, கட்டியவர் என்று மூன்று கட்டங்கள். மேனேஜர் ஒற்றப்பாலத்துக்காரர், மலையாளி, அதிகம் பேசாதவர். "மேடம், கெட்டு ஏதாணென்னு எழுதித் தரூ," என்றார். எந்த முடிச்சு என்று எழுதித் தர வேண்டும், அவ்வளவுதான். வகை பிரிக்கிற வேலை என்றால் எனக்குச் சொல்ல வேண்டுமா? கால் மணி நேரத்தில் எழுதிக் கொடுத்தேன். கயிறு: நைலான். முடிச்சு: லாரிக்காரர் முடிச்சு, சரியாகப் பூட்டப்படாதது. கட்டியவர்: டிரைவர்.

சனிக்கிழமையிலிருந்து அவரை கேட்டுக்குள் விடவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை பாதுகாப்புக் கூட்டம். அதில் என் அறிக்கையை ஏற்றுக்கொண்டால் அவர் பெயரை நிரந்தரமாக எடுத்துவிடுவார்கள். கம்பெனிக்கு வேண்டாத டிரைவர் எனக்கும் வேண்டாம் என்று லாரி உரிமையாளரும் சொல்லிவிட்டார்.

திங்கட்கிழமை ஏதோ கையெழுத்துக்காக அவர் கேட் வரைக்கும் வந்திருந்தார். வாட்ச்மேன்கள், யூனியன் ஆட்கள் எல்லாரும் இருந்தார்கள். நான் வாயை மூடிக்கொண்டு போயிருக்கலாம்.

"ஏனுங்க, இத்தன வருசமா கயிறு கட்டறீங்க, ஒரு கட்டு உருப்படியாக் கட்டத் தெரியாதுங்களா?" என்றேன்.

"தப்புதான் மேடம். நல்லவேள, பின்னாடி ஆள் யாரும் வரல," என்றார். அவ்வளவுதான் பேசினார். நான் அதோடு விட்டேனா? கேட்டில் ஒட்டியிருந்த காகிதத்தைக் காட்டி இன்னும் நான்கு வார்த்தை சொல்லிவிட்டுத்தான் உள்ளே போனேன்.

ஆனால் அந்தப் போட்டோ என்னை விடவில்லை. அதற்குக் காரணம் இரக்கமல்ல, என்னுடைய பழைய வியாதிதான். படிவத்தில் எழுதிய பெயருக்கும் படத்துக்கும் எங்கோ பொருந்தவில்லை. போனில் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். கயிற்றுக் கட்டுகளில் ஒரு பெரிய பிரிவு 'ஹிட்ச்' என்பதாம். கயிற்றை ஒரு கம்பத்தோடோ கொக்கியோடோ வளையத்தோடோ பிணைக்கிற கட்டு. இரண்டு கயிற்றை ஒன்றோடொன்று சேர்ப்பது வேறு பிரிவு. ஹிட்ச் வகையில் பலவற்றுக்கு ஒரு குணம் உண்டு: நடுவில் இருக்கும் கம்பத்தை உருவிவிட்டால் முடிச்சும் கலைந்து வெறும் கயிறாகிவிடும். இதைப் படித்தபோது எனக்குப் புதுத் தட்டு ஒன்று கிடைத்த சந்தோஷம்.

லாரிக்காரர் முடிச்சும் இந்தப் பிரிவுதான். கயிற்றின் நடுவில் ஒரு கண் போடுவார்கள். மிச்சக் கயிற்றைக் கீழே கொக்கியில் மாட்டி, மேலே கொண்டுவந்து அந்தக் கண்ணுக்குள் நுழைத்துக் கீழ்நோக்கி இழுப்பார்கள். கிணற்றில் உருளை போட்டு இழுக்கிற மாதிரி, சின்ன இழுப்புக்கே கயிறு விறைத்துக்கொள்ளும். பிறகு இரண்டு சுற்றுப் போட்டுப் பூட்டுவார்கள். லாரியின் மற்ற கொக்கிகளிலெல்லாம் இந்தக் கட்டுதான் இருந்தது, அதே படத்தின் ஓரத்திலேயே தெரிந்தது. பின் கொக்கியில் மட்டும் கண்ணே இல்லை. எவ்வளவு தளர்ந்தாலும் போட்ட கண்ணின் மடிப்பாவது கயிற்றில் தெரியாதா?

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஒரு நைலான் கயிற்றை வீட்டுக்கு எடுத்துப் போய் ஜன்னல் கம்பியில் கட்டிக் கட்டிப் பார்த்தேன். லாரிக்காரர் முடிச்சைச் சரியாகக் கட்டி அவிழ்த்தேன், தப்பாகக் கட்டி அவிழ்த்தேன், பாதி கட்டி இழுத்தேன். எப்படிச் செய்தும் படத்தில் இருந்த மாதிரி வரவில்லை. படத்தில் கொக்கியைச் சுற்றி இரண்டு வளையம், குறுக்கே போகும் ஒரு சாய்வு, அதன் அடியில் நுனி. எங்கோ பார்த்த மாதிரியும் இருந்தது, பிடிபடவும் இல்லை.

புதன்கிழமை காலை பால் கறந்து முடித்தேன். எங்கள் வீடு கொழிஞ்சாம்பாறைப் பக்கம். இரண்டு மாடு வைத்திருக்கிறேன். சினை மாட்டை இடம் மாற்றிக் கட்டிவிட்டுக் குனிந்து நிமிரும்போது கட்டுத்தறிக் கம்பத்தைப் பார்த்தேன். இரண்டு வளையம், குறுக்கே ஒரு சாய்வு, அதன் அடியில் நுனி. நான் இடது கைக்காரி. என் சாய்வு மற்றவர்கள் கட்டுவதற்கு எதிர்ப்பக்கம் விழும். போனை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். படத்தில் இருந்த சாய்வும் அதே பக்கம்தான் விழுந்திருந்தது.

சாணிக் கையோடு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அப்போதுதான் எல்லாம் ஞாபகம் வந்தது. அந்த வியாழக்கிழமை மலைக் கணவாய் வழியாக வீசும் காற்று ஆளைத் தள்ளிக்கொண்டிருந்தது. டிரைவர் கயிறு கட்டி முடித்து, பில் வாங்க மாடிக்குப் போயிருந்தார். பின்பக்கம் தார்ப்பாய் ஒரு மூலை தூக்கிக்கொண்டு படபடவென்று அடித்தது. ஒழுங்கில்லாத எதையும் பார்த்துக்கொண்டு நிற்க என்னால் முடியாது. போய்ப் பின்கயிற்றை அவிழ்த்து, தார்ப்பாயை இழுத்துவிட்டு, திரும்பக் கட்டினேன். ஒரு நிமிட வேலை. கை கட்டியது, தலைக்குத் தெரியவே இல்லை. தினமும் இரண்டு வேளை மாட்டைக் கட்டுகிற கை அது. அதற்குத் தெரிந்த கட்டை அது கட்டிவிட்டது.

மாட்டுக்கு அந்தக் கட்டு போதும். தேங்காய்நார்க் கயிறு சொரசொரப்பானது, மரக்கம்பத்தைக் கவ்விக்கொள்ளும். நைலானோ வழுவழுப்பு, லாரிக் கொக்கியோ தேய்ந்து பளபளத்த இரும்பு. வளைவுக்கு வளைவு பெட்டி அசைய அசைய, கயிறு கொஞ்சம் கொஞ்சமாக உருவியிருக்கிறது. 'க்ளோவ் ஹிட்ச்' என்று போனில் அதற்கு ஒரு பெயரும் இருந்தது. வழுக்கும் கயிற்றில் நம்ப வேண்டாம் என்றுகூடப் போட்டிருந்தார்கள். செவ்வாய்க்கிழமை நான் வேகமாகத் தள்ளிவிட்டுப் போன பக்கம் அது.

உடனே ஓடிப் போய் உண்மையைச் சொன்னேன் என்று எழுத ஆசைதான். சொல்லவில்லை. புதன்கிழமை முழுக்க வாயைத் திறக்கவில்லை. அவர் ஆண்பிள்ளை, வேறு லாரி கிடைக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அந்தக் காகிதத்தை ஒட்டிய என் மானம் என்ன ஆவது என்று நினைத்தேன். சாயங்காலம் மனசு கேட்காமல் விசாரணைக் கோப்பைப் பிரித்தேன். டிரைவர் சனிக்கிழமையே எழுதிக் கொடுத்த வாக்குமூலம் அதில் இருந்தது. கோணல் எழுத்தில் மூன்றே வரி. பின்கட்டு நான் கட்டியது. சரியாகப் பார்க்காமல் வண்டி எடுத்தது என் தப்பு. மன்னிக்கவும்.

வியாழன் காலை வேறொரு டிரைவர் வந்து மலை லோடை ஏற்றிக்கொண்டு போனார். நான் ரசீதில் கையெழுத்துப் போட்டேன். மதியம் சாப்பிடாமல் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு லாரி ஷெட்டுக்குப் போனேன். அவர் ஒரு பழைய டயரின்மேல் உட்கார்ந்து சட்டைக்குப் பட்டன் தைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார்.

"அது என்ற முடிச்சுங்க, நான் கட்டுனது," என்றேன்.

"தெரியும் மேடம்," என்றார்.

"எப்பத் தெரியும்?"

"பில்லு வாங்கிட்டு எறங்கி வந்தப்பவே தெரியும். அது என் கட்டு இல்ல, எடது கை ஆளு கட்டுனது. அங்க எடது கையில எழுதுறது நீங்க ஒராளுதான்."

"அப்புறம் ஏனுங்க நீங்க கட்டுனதா எழுதிக் குடுத்தீங்க?"

அவர் ஊசியைச் சட்டையில் குத்தி வைத்தார். "வண்டிய எடுக்குறவன் சுத்திப் பாத்துட்டுத்தான் எடுக்கணும். நானும் பாத்தேன். பாத்துட்டு அவுக்காம எடுத்தேன். அப்ப அது என் கட்டுதான மேடம்?"

"அவுத்துக் கட்டியிருக்கலாமல்லங்க? ஒரு வார்த்தை எங்கிட்டச் சொல்லியிருக்கலாமல்லங்க?"

அவர் சிரித்தார். அதில் குத்தல் எதுவும் இல்லை. "உங்ககிட்டயா? ஒரு போல்ட்டு எடம் மாறிக் கெடந்தா ஊரையே கூட்டிருவீங்க. நீங்க கட்டுனது தப்பா இருக்கும்னு எனக்குத் தோணவே இல்ல. தோணியிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன்."

நான் ஸ்கூட்டரைக் கிளப்பிக்கொண்டு வந்துவிட்டேன். மன்னிப்புக் கேட்டேனா என்றுகூட ஞாபகம் இல்லை. அந்தக் கடைசி வாக்கியம் மட்டும் வழியெல்லாம் கூடவே வந்தது. யாரும் என்னைத் திருத்த முடியாதபடி இத்தனை வருடம் என்னை நானே ஒரு தட்டில் தூக்கி வைத்திருந்திருக்கிறேன். அந்த உயரத்திலிருந்து விழுந்ததுதான் அந்தப் பெட்டி. அதைக் கோபமில்லாமல் என்னிடம் சொல்ல ஒரு ஆள் இருந்தாரே என்று நினைத்தபோது கண் கலங்கியது.

வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் புதுப் படிவம் ஒன்றை வைத்தேன். கயிறு: நைலான். முடிச்சு: க்ளோவ் ஹிட்ச், இடக்கையால் கட்டியது. கட்டியவர்: நான். கூடவே இரண்டு படங்கள், ஒன்று லாரிக் கொக்கி, இன்னொன்று மாட்டோடு என் வீட்டுக் கட்டுத்தறி. மேனேஜர் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். மூலையில் இருந்த யூனியன் ஆள் ஒருவர் எட்டிப் பார்த்து, "இந்தப் பசு, மேடம் வீட்டுதா?" என்று கேட்டார். எல்லாரும் சிரித்துவிட்டார்கள். நானும் சிரித்தேன். மேனேஜர் சிரிக்காமல் எனக்கு ஒரு மெமோ எழுதினார். டிரைவருக்கு கேட்டைத் திறந்துவிடச் சொன்னார். புதுத் தட்டுகளோடு தோட்டத்துக்கு அனுப்பும் கடிதத்தில் தவறு எங்கள் டெஸ்பாட்ச் பிரிவுடையது, டிரைவருடையது அல்ல என்று ஒரு வரி சேர்க்கச் சொன்னார். நான் கேட்காமலே அவர் செய்த காரியம் அது. அந்த மனுஷருக்கு நான் பட்ட கடன் சின்னதல்ல.

அடுத்த வியாழக்கிழமை அவர் வந்தார். தட்டுப் பெட்டிகளை ஏற்றினார்கள். அன்றும் காற்றுத்தான். தார்ப்பாய் மூலை தூக்கியதும் என் இடது கை தன்னால் கயிற்றுக்குப் போனது.

"மேடம், கைய எடுங்க," என்றார்.

யூனியன் ஆட்கள் அப்படியே நின்றுவிட்டார்கள். அந்த முற்றத்தில் என்னிடம் அப்படிப் பேசியவர் அதுவரை யாரும் இல்லை. நான் கையை எடுத்தேன். அவர் கண் போட்டு, இழுத்து, பூட்டி, ஒவ்வொரு கொக்கியையும் காலால் மிதித்துப் பார்த்தார். எனக்குக் கோபம் வரும் என்று நானே காத்துக்கொண்டிருந்தேன். வரவில்லை. நிம்மதியாக இருந்தது. லாரி கேட்டைத் தாண்டுகிற வரைக்கும் வெயிலில் நின்று பார்த்தேன்.

அன்று சாயங்காலம் ஏழு மணி இருக்கும். மாட்டுக்குத் தீவனம் வைத்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. தெரியாத நம்பர்.

"மேடம்ங்களா? நான் சாந்தன்பாறையில இருந்து டிரைவர் வீட்டுக்காரி பேசுறேன்," என்றது ஒரு பெண் குரல்.

"வண்டி வந்துருச்சுங்களா?" என்றேன்.

"வந்துருச்சு, வந்துருச்சு. ஒண்ணும் கொறையில்ல. ஸ்டோர்ல எறக்கும்போது கணக்குப்பிள்ள உங்க கம்பெனிக் கடுதாசிய வாசிச்சாரு, நானும் அங்கதான் நின்னேன். எங்கிட்டயும் தான் கட்டுனதுன்னுதான் மேடம் சொல்லிருந்தாரு. ரெண்டு வாரமா போன்ல ஏசிக்கிட்டே கெடந்தேன். கண்ணு தெரியலையா, கை வெளங்கலையான்னு என்னென்னமோ கேட்டுப்புட்டேன். ஒரு வார்த்த எதுத்துப் பேசல."

"என்னை மன்னிச்சுருங்க," என்றேன்.

"உங்கள எதுக்கு மேடம்? நான்ல அவருகிட்ட கேக்கணும்."

"கேட்டுட்டீங்களா?"

"இன்னும் இல்ல. இப்பத்தான் குளிச்சிட்டு வந்து சோத்துக்கு உக்காந்துருக்காரு. மொதல்ல வயிறாரத் தின்னு முடிக்கட்டும் மேடம்," என்று சொல்லிப் போனை வைத்தார்.